மணி மாமி

காரைக்கால்
19-4-1979

மரியே வாழ்க.

அன்புள்ள மருமகன் லூர்துநாதனுக்கு, உன் மாமன் மரியசூசை சொல்ல, தபாலாபீஸ் வாசல் பீர் மைதீன் பாய் எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடவும். சுகம் என்று எழுதச் சொன்னதும் பாய் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். அவருக்குத் தெரியும். சரி, இப்படி எழுதட்டும்: நான் சுகம். உன் மாமி இருக்கிறாள்.

மாமியின் மறதி எப்படியிருக்கிறது, ஒன்றுவிடாமல் எழுதச் சொல்லுங்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பெற்றவள் செத்து ஏழு வயசில் வந்த உன்னை அவள்தான் ஆளாக்கினாள், கேட்க உனக்கு உரிமை உண்டு. எனக்கு எழுத்து தெரியாது. எழுதி வைக்கிறவன் தாளைத் தொலைப்பான், எனக்குத் தொலைக்கத் தாள் இல்லை. அதனால் எல்லாம் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மறக்கக் கூடாது என்றால் முந்தானையில் முடிச்சுப் போடுகிறாள். சாம்பல் புதனன்று ஐந்து முடிச்சு இருந்தது. "இது உப்பு வாங்க. இது கோழிக்குத் தவிடு. இது உங்க வேட்டி தொவைக்க" என்று மூன்றைச் சொல்லிவிட்டாள். நாலாவதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதாள். ஐந்தாவதை நானே அவிழ்த்துவிட்டேன்.

புள்ளிக்கோழி ஒன்று இருக்கிறது. அதை உன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். "லூர்து, மழையில நிக்காதடா, உள்ள வா." கோழியும் வருகிறது.

வெளியே போனால் வெயிலுக்கு ஆப்பச் சட்டி மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறாள். வலது காலை மணலைக் கூட்டுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கிறாள். அந்த நடை உனக்கே தெரியும், நீ சின்னவனாக இருந்தபோதே அப்படித்தான்.

இதெல்லாம் பெரிதில்லை. வெளியே போனால் வழி தெரிவதில்லை, அதுதான் பெரிது. ஆனால் அதற்கு ஆண்டவர் ஒரு வழி வைத்திருக்கிறார். நான் கோவில் மணி அடிக்க வந்து முப்பத்தொரு வருஷம். பகல் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் ஜெப மணி. மும்மூன்றாய் ஒன்பது, பிறகு நிறுத்தாமல் கொஞ்ச நேரம். அது முடிந்தால் நான் சாப்பிட வருவேன். எங்கே பேசிக்கொண்டு நின்றாலும் மணி கேட்டதும் ஓடி வந்து தட்டு வைத்துவிடுவாள். இப்போது என் பேர் சில நாள் அவளுக்குத் தெரிவதில்லை. மணி தெரிகிறது. மார்க்கெட்டில் நின்றாலும் அரசலாற்றங்கரையில் நின்றாலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.

போன வாரம் பெரிய வெள்ளி. வியாழக்கிழமை பூசையிலிருந்து பாஸ்குப் பூசை வரை கோவிலில் மணி அடிக்கக் கூடாது, அதற்குப் பதில் மரத்தட்டையைத்தான் தட்டுவோம். மணி நின்றால் அவளுக்கு வழி நின்றுவிடும் என்று எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வெளியே போனவள் திரும்பவில்லை. கிளிஞ்சல்மேட்டில் படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி வீட்டுக்கு வரல?" என்று கேட்டேன். "நீங்க கூப்பிடவே இல்லியே" என்றாள்.

இந்த மணி விஷயம் நமக்குள் இருக்கட்டும். ஊருக்குத் தெரிந்தால் விளையாட்டாகிவிடும். உனக்கு, எனக்கு, எழுதுகிற பாய்க்கு. மூன்று பேர் போதும்.

இப்படிக்கு
மாமன் மரியசூசை (பெருவிரல்)


பம்பாய்
6-5-1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஆப்பச் சட்டி மூடியை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்துவிட்டோமே என்றும் இருக்கிறது. மாமிக்கு நரம்புச் சத்து மாத்திரை இரண்டு டப்பா பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

இங்கே எனக்கு வேலை அதிகம். நான் பொம்மைப் படக் கம்பெனியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பொம்மை ஒரு எட்டு எடுத்து வைக்கப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். இதுவரை மற்றவர்கள் உண்டாக்கிய பொம்மைக்குக் கையும் காலும் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தமாக ஒன்று செய்யச் சந்தர்ப்பம் வரும்போல் இருக்கிறது. வந்தால் எழுதுகிறேன்.

மாமியைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்தால் தேவலை. மணி கேட்டதும் முதலில் என்ன செய்கிறார்கள்? தலையைத் திருப்புகிறார்களா, காலை எடுக்கிறார்களா? கை எங்கே இருக்கிறது? முகம் எப்படி மாறுகிறது? தொலைவில் இருக்கிறேன் அல்லவா, கண்ணால் பார்ப்பதுபோல் இருக்க வேண்டும் என்று ஆசை.

தங்கள் அன்புள்ள
லூர்து


காரைக்கால்
24-5-1979

மரியே வாழ்க.

அன்புள்ள மருமகனுக்கு. பார்சல் வந்தது. மாத்திரையை இனிப்பு என்று நினைத்துக் கேட்கிறாள்.

பெற்ற பிள்ளைகூட இப்படிக் கேட்க மாட்டான். நீ கேட்டதை பாய் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மணி அடிக்கிறபோது நான் கோபுரத்தில் இருப்பேன், அவளைப் பார்க்க முடியாது. அதனால் உனக்காக ஒரு நாள் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் தியாகராசனை மணி அடிக்கச் சொல்லிவிட்டு, மார்க்கெட் பக்கம் மறைவாக நின்று பார்த்தேன்.

முதல் அடி கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறாள். வாய் கொஞ்சம் திறக்கிறது. இடது கை முந்தானையைப் பிடிக்கிறது. மூன்றாவது அடிக்குத் தலை திரும்புகிறது. பிறகு எதிரில் வண்டியா ஆளா என்று பார்ப்பதில்லை. நேரே வருகிறாள். முகத்தைக் கேட்டாய். கல்யாணமாகி வந்த வருஷம், நான் கப்பலுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டு ஒன்பது நாள் கழித்துத் திரும்பியபோது வாசலில் நின்றாளே, அந்த முகம். அதை நீ பார்த்ததில்லை. எனக்கே இவ்வளவு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் திரும்பக் கிடைத்தது. நீ கேட்காவிட்டால் பார்த்திருக்க மாட்டேன். உனக்குப் புண்ணியம்.

மாமன் மரியசூசை (பெருவிரல்)


காரைக்கால்
17-11-1980

லூர்துநாதனுக்கு.

பாய் வழக்கம்போல் மேலே மரியே வாழ்க என்று எழுதப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் பட வண்டி வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிற வண்டிதான். நெல்லுப் பூச்சிக்கு மருந்தடிக்கிற படம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிற படம், அப்புறம் பொம்மைப் படம். ஒலிபெருக்கியில் சொன்னார்கள், படம் வரைந்தவர் நமது காரைக்கால் லூர்துநாதன் என்று. ஊரே கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்த உன் மாமி கையைப் பிடித்து அவளையும் தட்ட வைத்தேன்.

படத்தின் பேர் 'மணி மாமி' என்றார்கள்.

அதில் மாமி என்பது நீ அவளைக் கூப்பிட்ட பேர். மாமி என்று அவளை வேறு யார் கூப்பிடுகிறார்கள்? நாங்கள் வளர்த்தது உன் ஒருவனைத்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது. படம் பார்க்கத் தெரியும். தலையில் சட்டி மூடி. அது பெரிய வியாழனுக்கு அடுத்த வியாழன் நான் சொன்னது. முந்தானையில் முடிச்சு, நீ அதை இருபது முடிச்சாக்கி அவள் காலில் சிக்கி விழ வைத்திருக்கிறாய். கோழியைப் பிள்ளையாக்கித் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறாள். வலது காலைச் சுற்றி வைக்கிறபோதெல்லாம் பீப்பீ என்று ஒரு சத்தம். மணி அடித்ததும் கையில் இருப்பதைக் கீழே போடுகிறாள், வாய் திறக்கிறது, இடது கை முந்தானைக்குப் போகிறது. அது நான் மே மாதம் சொன்னது. ஒன்பது நாள் காத்திருந்த முகம் என்று சொன்னேனே, அந்த முகத்துக்கு நீ இரண்டு கண்ணையும் பம்பரமாகச் சுற்றவிட்டு நாக்கை வெளியே தள்ளியிருக்கிறாய். தலையைச் சுற்றிக் குருவி பறக்கிறது. அவள் மணியை நோக்கி ஓடுகிறாள், விளக்குக் கம்பத்தில் மோதித் தகடாகிறாள், மாட்டு வண்டி ஏறித் தகடாகிறாள், திரும்ப உப்பி எழுந்து ஓடுகிறாள். கடைசியில் மணியே அறுந்து அவள் தலையில் விழுகிறது. ணங் என்று. குருவி பறந்து போய்விடுகிறது. கண் நேராகிறது. எல்லாம் ஞாபகம் வந்து எல்லோரும் ஆடுகிறார்கள். படம் முடிந்தது.

ஊர் சிரித்தது. பாதிப் பேர் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், மீதிப் பேர் எங்களைப் பார்க்காமல் சிரித்தார்கள். உன் மாமியும் சிரித்தாள், அதைக் கேட்டுக்கொள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் என் தோளைத் தட்டி, "யாருங்க இந்தப் பைத்தியம்? இப்புடி ஓடுதே, அதுக்கு வீட்டுல யாரும் இல்லியா?" என்று கேட்டாள்.

நான் இருக்கிறேன் என்று எதைக் காட்டிச் சொல்ல? நீ யாரையும் வரையவில்லையே. மணி அடிக்கிறது, கயிறு தானாக ஆடுகிறது. கயிற்றைப் பிடிக்கிற கை இல்லை. கோழியை வரைந்தாய், முடிச்சை வரைந்தாய், என்னை விட்டுவிட்டாய்.

பீர் மைதீன் பாய் எனக்கு ரத்த சொந்தமில்லை. நாலு வருஷமாக என் வீட்டு விஷயம் எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகிறது. அவர் பெண்டாட்டி கமருன்னிசாவுக்குக்கூட இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். நீ திரை கட்டிச் சொல்லிவிட்டாய். இப்போது தெருவில் தட்டையும் டின்னையும் தட்டுகிறார்கள், அவள் ஓடுவாளா என்று பார்க்க.

மரியசூசை (பெருவிரல்)


பம்பாய்
2-12-1980

அன்புள்ள மாமாவுக்கு,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். படம் அங்கே வரும் என்று நான் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வந்தால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று ஒரு பக்கம் நினைத்தும் இருந்தேன். என் பேரோடு காரைக்கால் என்று போடச் சொல்லிக் கேட்டவன் நான்தான்.

எங்கள் தொழிலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் மாமா. பொம்மைப் படத்துக்கென்று சில வழக்கங்கள் இருக்கின்றன. புத்தி கலங்கியவர் என்றால் கண் சுழல வேண்டும், தலைமுடி குத்திட்டு நிற்க வேண்டும், குருவி பறக்க வேண்டும். அப்போதுதான் மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும். ஞாபகம் ஓர் அடியில் போகும், இன்னோர் அடியில் திரும்பும். வெளிநாட்டுப் படமானாலும் சரி, உள்நாட்டுப் படமானாலும் சரி, நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் இப்படித்தான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் முதலில் எழுதிக் கொடுத்த கதையில் மாமி மெதுவாக நடந்து வீட்டுக்கு வருவார்கள், அவ்வளவுதான். மேலே இருப்பவர்கள் படித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? யாரு பார்ப்பாங்க? ஒரு முடிவு வேணும்ல?" என்றார்கள்.

கேலி செய்ய வரையவில்லை. மாமியை ஆறாயிரம் தடவைக்கு மேல் வரைந்திருக்கிறேன். அன்பில்லாமல் ஒருவரை ஆறாயிரம் தடவை வரைய முடியுமா? குழந்தைகளுக்கு மாமியைப் பிடித்துப் போய்விட்டது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அது பொம்மை, மாமா. நம் மாமி இல்லை. கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும்.

தங்கள்
லூர்து


காரைக்கால்
1-2-1981

லூர்துநாதனுக்கு.

ஊர் மறந்துவிடும் என்று எழுதினாய். இந்த வீட்டில் இருந்துகொண்டு மறதியைப் பற்றி உன்னிடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

உன் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். நடந்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் பாயிடம் வந்தேன்.

அடுத்த வீட்டு ஜெயமேரியை உனக்குத் தெரியும். நான் கோவிலில் இருக்கிற நேரம் மாமியைக் குளிப்பாட்டித் தலை சீவி விடுகிறவள் அவள்தான். காசு பணம் எதிர்பார்க்காத பெண். பொங்கல் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, பூசையில் அடிக்கிற வெண்கலக் கைமணியைத் துலக்கித் தருகிறேன் என்று கோவிலிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். உன் மாமியை உட்கார வைத்து, தலை சீவி, எண்ணெய் தடவி, ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டு, அந்த மணியாலேயே உச்சந்தலையில் அடித்துவிட்டாள்.

ஆறு தையல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயமேரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏன்டி இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன்.

"படத்துல காட்டுனாங்களே மாமா! அம்மை ஊசிப் படம் காட்டுனாங்க, குத்திக்கிட்டோம், அம்மை போச்சு. நெல்லுக்கு மருந்துப் படம் காட்டுனாங்க, வரிச்சிக்குடியில அடிச்சாங்க, பூச்சி செத்துச்சு. அதே வண்டி, அதே திரைதானே? இது மட்டும் பொய்யின்னு எனக்கு யாரு சொன்னா? அதுலயும் நம்ம லூர்து எழுதுன படம். அதுக்குத் தெரியாதா, பெரிய ஊருல டாக்டருட்ட கேட்டுத்தான் போட்டிருக்கும்னு நெனச்சேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "மொத அடியிலயே அக்கா என்னப் பாத்த பார்வை இருக்கே மாமா, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ ஆறாயிரம் தடவை வரைந்து சொன்ன பொய்யை அவள் ஒரு தடவை நம்பினாள்.

ஓர் அடியில் ஞாபகம் போகும், இன்னோர் அடியில் வரும் என்று எழுதியிருந்தாய். உன் மாமியை யாரும் அடிக்கவில்லை. நானும் ஒரு நாள் கை ஓங்கியதில்லை. கடலோரச் சுவரில் உப்புப் பூப்பதுபோல் அது வந்தது. முதல் வருஷம் சாவி, அடுத்த வருஷம் தெருப்பெயர், அப்புறம் அவளைப் பெற்றவள் செத்துப்போனது. அதை நாலு தடவை புதுச் செய்தியாகச் சொல்லி நாலு தடவை அழ வைத்தேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். இதில் எதற்கடா குருவி பறந்தது? உன் பொம்மை தகடாகி உப்பி எழுகிறது. அதற்குத் தையல் கிடையாது.

இன்னும் முடியவில்லை. தையல் போட்ட பிறகு கோவில் மணி கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்கிறாள். எனக்கு இது தெரியாது. மணி அடிக்கிறபோது நான் கோபுரத்தில் அல்லவா இருக்கிறேன். போன சனிக்கிழமை வெளியே போயிருந்தாள். ஆறு மணிக்கு அடித்தேன். வீட்டுக்கு வந்தால் தட்டு வைக்கவில்லை. திரும்ப ஓடிப் போய் அடித்தேன். தூரத்தில் இருக்கிறாளோ, கேட்கவில்லையோ என்று கயிற்றில் தொங்கித் தொங்கி அடித்தேன். பங்குச் சாமியார் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மறுநாள் காலையில் வரிச்சிக்குடி வயல் வரப்பில் கிடந்தாள் என்று அந்த ஊர் அம்பலவாணன் மாட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர், தன் துண்டை அவளுக்குப் போர்த்தியிருந்தார். "ஆத்துப் பாலம் தாண்டி ஓடி வந்துச்சாம் பெரியவரே. மணி அடிக்க அடிக்க ஓட்டம் ஜாஸ்தியாச்சுன்னு எங்க ஊர்ப் பொம்பளைங்க சொன்னாங்க" என்றார்.

நான் அடித்து விரட்டியிருக்கிறேன். முப்பத்துமூன்று வருஷமாக அவளை வீட்டுக்குக் கூப்பிட்ட கையாலேயே.

அந்த மணி ஒன்றுதான் எங்களிடம் மிச்சமிருந்தது. உன்னை நம்பி உன்னிடம் சொன்னேன். நீ கேட்டதற்காக மறைவாக நின்று பார்த்துச் சொன்னேன். உளவு பார்த்து என் பெண்டாட்டியை உனக்கு விற்றேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மரியசூசை (பெருவிரல்)


பம்பாய்
20-2-1981

மாமா,

மாமியின் தையல் பிரித்தாயிற்றா? ஜெயமேரி அக்கா எப்படி இருக்கிறார்கள்?

படத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். பிரதிகள் எங்கெங்கோ போய்விட்டன, திரும்ப வாங்க முடியாது என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டதால் இரண்டாவது படம் ஒன்று செய்யச் சொன்னார்கள். முடியாது என்று சொன்னேன். வேறு ஆள் வைத்துச் செய்வார்களாம்.

உங்களை ஏன் வரையவில்லை என்று கேட்டீர்கள். போன கடிதத்தில் அதற்கு நான் பதில் சொல்லவில்லை, தெரிந்தேதான் விட்டேன். மாமா, வரைந்தேன். முதலில் உங்களைத்தான் வரைந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள், கீழே தெருவில் மாமி வருகிறார்கள். அந்தப் பகுதியை ஓட்டிப் பார்த்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை. கண் சுழன்றும் சிரிக்கவில்லை, பீப்பீ சத்தம் வைத்தும் சிரிக்கவில்லை. "இந்தக் கெழவன எடுத்துடு, எடுத்தா சரியாயிடும்" என்றார் ஒருவர். எடுத்தேன். சரியாகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. சொந்தப் படம் என்ற ஆசை.

எடுத்துப் போட்ட தாளில் ஒன்றை வைத்திருந்தேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இதில் மாமியின் கண் நேராகத்தான் இருக்கிறது.

நான் ஊருக்கு வரலாமா? வந்து மாமியைப் பார்க்க வேண்டும். இப்போது மணி இல்லாமல் எப்படி வீட்டுக்குத் திரும்புகிறார்கள்? அதையாவது எழுதச் சொல்லுங்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை.

லூர்து


காரைக்கால்
27-4-1981

லூர்துநாதனுக்கு.

பாஸ்குப் பண்டிகை முடிந்து எழுதுகிறேன். தையல் பிரித்தாயிற்று. அந்த இடத்தில் முடி வெள்ளையாக முளைக்கிறது. ஜெயமேரி ஒரு மாதம் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. உன் மாமிதான் ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்று, "ஏட்டி, தலை சீவ ஆளில்லாம பிச்சைக்காரி மாதிரி இருக்கேன், ஒனக்குக் கண்ணு தெரியலியா?" என்று கத்தினாள். அவளுக்கு அடி ஞாபகமில்லை. சத்தம் மட்டும்தான் உடம்பில் தங்கியிருக்கிறது.

மணி வேலையை விட்டுவிட்டேன். உபதேசியார் அடிக்கிறார். அவர் அடிக்கிற நேரம் நான் வீட்டில் உட்கார்ந்து அவள் காதைப் பொத்திக்கொள்கிறேன். ஒன்பது அடிக்கும் கையில் அவள் தலை நடுங்குவது தெரிகிறது. கோபுரத்தில் இருந்த வருஷமெல்லாம் எனக்குக் கிடைக்காதது இது.

நீ அனுப்பிய படத்தை பாய் விரித்துக் காட்டினார். என் மூக்கு அவ்வளவு நீளமில்லை. மற்றபடி சரி. வீட்டுக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். தன்னை அவளுக்குத் தெரியவில்லை. "யாரு இந்தக் கெழவி?" என்றாள். என்னைக் காட்டினேன், அதுவும் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனவள் நிறுத்தி, கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "இது நம்ம லூர்து கிறுக்குனது. கரியெடுத்துச் செவுத்த நாசம் பண்ணாதடான்னா கேக்குறானா? எங்க அவன்? சாப்புட்டானா?" என்றாள்.

என் முகம் போய்விட்டது. உன் கை அவளிடம் இருக்கிறது. அன்று ராத்திரி வரை உனக்குத் தட்டு வைத்துக் காத்திருந்தாள்.

வரலாமா என்று கேட்டாய். வா. அவளுக்காகச் சொல்கிறேன். நீ செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. வந்தால் கன்னத்தைத் தடவி, ஏன் இளைத்துவிட்டாய் என்பாள். எனக்கு அந்த மறதி கொடுத்து வைக்கவில்லை. நீ எழுதிய ஒவ்வொரு வரியும், பாய் அதைப் படித்த குரலோடு, தேதியோடு எனக்குள் இருக்கிறது. அதனால் நீ வருகிற அன்று காலையில் நான் கிளம்பி நாகூர்ப் பக்கம் போய்விடுவேன். நீ போன பிறகு திரும்புவேன். சாவி ஜெயமேரியிடம் இருக்கும். பென்சில் கொண்டு வராதே.

மணி இல்லாமல் எப்படி வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று கேட்டிருந்தாய். திரும்புகிறாள். பெரிய வியாழனன்று, மணி ஓய்ந்த பிறகு, ஒரு வழி கிடைத்தது. ஆண்டவர் புண்ணியத்தில் இதுவரை ஒரு நாளும் தவறவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்தாள், கிளிஞ்சல்மேட்டிலிருந்துகூட வந்தாள். அந்த முகத்தோடுதான் வருகிறாள். அது என்ன என்று இப்போது பாயும் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். நல்ல மனிதர், யாரிடமும் சொல்ல மாட்டார். இருந்தாலும் அவருக்கும் சொல்லவில்லை. எழுத்தில் ஏற்றினால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இது என்னோடு இருந்து என்னோடு போகும்.

நீ இருக்கிற அன்று அதைச் செய்ய நான் ஊரில் இருக்க மாட்டேன். அதனால் இதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். பன்னிரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் அவள் காதைப் பொத்து. மற்ற நேரமெல்லாம் கையைப் பிடித்துக்கொள். அந்த ஒரு நாள் அவள் வெளியே போனால் கூப்பிட ஆளில்லை.

மரியசூசை (பெருவிரல்)